ஓடைக்கு அந்தப் பக்கத்து ரபான்

கல்யாணமாகி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு வந்த முதல் சித்திரை வருசப் பிறப்பு. விடிந்தும் விடியாத நேரத்தில் மேளச் சத்தம் கேட்டு எழுந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகள்தான் எங்கள் லயம். அதற்குக் கீழே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்கள கிராமம். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போய், குரலைத் தாழ்த்தி, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டேன்.

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அண்ணி, அது ரபான்! வருசத்துக்குப் பொம்பளைங்க உக்காந்து அடிக்கிறாங்க. நல்ல நாளும் அதுவுமா சாவுங்கிறீங்களே!"

நான் பிறந்தது மேலே, குளிர் பிடித்த தேயிலைத் தோட்டத்தில். அங்கே கோயில் திருவிழா இல்லாத நாளில் விடியற்காலையில் மேளம் கேட்டால் அது துக்க வீடுதான். மேளத்தைத் தொடுவதும் ஆம்பளைகள் மட்டுமே. அதைச் சொல்லி விளக்குவதற்குள் கதை லயத்தைச் சுற்றி வந்துவிட்டது. நான் முகம் கழுவிவிட்டு வரும்போது பக்கத்துக் காம்பராக்காரர், "என்னா மகளே, கேதத்துக்குப் போகலையா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். காது மடல் எரிந்தது.

எனக்குச் சிங்களம் வராது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மேலே எங்கள் தோட்டத்தில் அது தேவைப்படவே இல்லை. இங்கே பால்குடி மறக்காத பிள்ளைகூட அம்மாவிடம் தமிழில் அழுதுவிட்டு, கடைக்காரரிடம் சிங்களத்தில் டொபி கேட்கிறது. நான் யட்டியாந்தோட்டை பஜாருக்குப் பஸ் ஏறினால் ஊர்ப் பேரைச் சொல்லிக் காசை நீட்டுவேன். அதற்குமேல் கண்டக்டர் என்ன கேட்டாலும் புன்னகைதான். ஒருநாள் அவர் விடாமல் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் வழியில் வைத்திருந்த பையை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு பெரியம்மா குனிந்து அதை நகர்த்தி வைத்தார். அதற்கப்புறம் பஜாருக்குப் போக நாத்தனார் ஓய்வாக இருக்கும் நாளைப் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அன்று பத்து மணிபோல நானும் நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் ஒரு தட்டில் வடையும் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினோம். ரபான் அடித்த வீட்டுக்காரிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் என் வீட்டுக்காரர்தான் போய்ப் பால் வெட்டிக் கொடுப்பார். லயத்தில் எல்லோரும் அந்த அம்மாவை அக்கா என்பார்கள். அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

வாசலில் தயங்கி நின்றேன். அக்கா உள்ளேயிருந்து என்னைப் பார்த்து உரக்க, "என்ன, என்ன!" என்றார்.

என்னடி வேணும் என்று கேட்கிறாரோ? தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லைங்க" என்று பின்வாங்கினேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். 'என்ன' என்றால் சிங்களத்தில் 'வாங்க'. அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறார். நானோ ஒன்றும் வேண்டாமென்று வெளியே நடந்திருக்கிறேன்.

இதுவரைக்கும் நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அடுத்து நடந்தது அப்படியில்லை.

மேசைமேல் தட்டில் இறுக்கிப் பரப்பிய பால்சோறு, எண்ணெயில் பொரித்த கெவுங், கொக்கிஸ் பலகாரங்கள், வாழைப்பழம் என்று பரப்பியிருந்தார்கள். அக்கா பால்சோற்றை வெட்டி வெட்டி என் தட்டில் வைத்தார். வயிறு நிறைந்துவிட்டது. அவரோ இன்னொரு துண்டோடு வந்தார். என்னிடம் இருந்த நாலைந்து சிங்களச் சொற்களில் ஒன்றைத் தேடிப் பிடித்து, தட்டைக் கையால் மூடி, கணீரென்று சொன்னேன்: "எப்பா!"

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அவசரமாக ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார், சிரிக்கவும் செய்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாத்தனார் காதோரம் சொன்னாள். "போதும்னா 'எத்தி'ன்னு சொல்லணும் அண்ணி. 'எப்பா'ன்னா, உன் சோறே எனக்கு வேணாங்கிற மாதிரி."

நம் ஆட்கள் போதும் என்பதற்கும் வேணாம் என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அதை அங்கே யாரிடம், எந்தப் பாஷையில் சொல்வது? வருசத்தின் முதல் சோற்றை ஒருத்தி கையால் ஊட்டாத குறையாக வைக்கிறாள். நான் அவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றிருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் பின்முற்றத்தில் ரபானை முதல்முறையாகப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிய தோல் மேளம், குட்டையான மூன்று கால்களில் படுத்துக் கிடந்தது. அடியில் சிரட்டைக் கரித் தணல். தோல் சூடேறச் சூடேற ஓசை கூர்மையாகிறது. சுற்றிலும் பெண்கள் பலகைகளில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்தார்கள். ஒருத்திக்கு நரைத்த கொண்டை, இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடத்து இரட்டைச் சடை. கைகள் ஒன்றையொன்று துரத்திப் போய், ஓரிடத்தில் சேர்ந்து விழுந்தன. அந்த ஓரிடத்தில் என் நெஞ்சும் சேர்ந்து விழுந்தது. மேலே ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விட்டிருந்தன. செம்புப் பாத்திரத்தைத் துலக்கிக் காயவைத்த மாதிரி காடு முழுக்க ஒரு நிறம். எங்கோ குயில் கத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு வெட்கத்துக்கு நடுவில் இவ்வளவு சந்தோஷம் வருவது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்காரர் புறப்படும்வரை கிணற்றடியிலேயே நின்றேன்.

அந்தத் தாளம் மட்டும் என்னை விடவில்லை. மாவு பிசையும்போது வந்தது. ஓடையில் துணி அடிக்கும்போது வந்தது. காலையில் என் வீட்டுக்காரரோடு போய்ப் பால் வெட்டப் பழகிக்கொண்டிருந்தேன். கத்தி பட்டையில் இழுபடும் சத்தத்திலும் அதுதான் கேட்டது. மத்தியானம் லயத்தில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் வாளியை நிமிர்த்தித் துடைப்பதுபோல நடிப்பேன்.

ரப்பர் காய் வெடிக்கிற வெயில் காலம். உச்சியில் காய் வெடித்துக் கொட்டைகள் கூரைத் தகரத்தில் படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நம் சத்தம் கேட்காது என்ற தைரியத்தில் உள்ளங்கையாலேயே அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், முன்னால் அக்கா. இடுப்பில் ஒரு பலாக்காய்.

இவர் சோற்றை வேண்டாம் என்றவள், இவர் மேளத்தைத் திருட்டுத்தனமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் தோன்றியது. வாளியை நிமிர்த்தப் போனேன். அவர் பலாக்காயை இறக்கிவிட்டு எனக்கு எதிரே குந்தினார். ஏதேதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தை வாளியின் நடுவில் வைத்து அழுத்தினார். "தொம்" என்றார் வாயால். விரல்களை விளிம்புக்கு இழுத்தார். "தக்க, தக்க" என்றார். மறுபக்கத்தில் தன் கைகளை வைத்தார்.

அடித்தோம். தாளம் தப்பினேன். தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். சத்தம் கேட்டுக் காம்பராக் கதவுகள் திறந்தன. நாத்தனார் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எழுந்து உள்ளே ஓடிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கை மட்டும் கேட்கவில்லை.

பேச்சு இல்லாமல்தான் அவரிடம் பழகினேன். நேரம் கிடைத்த மத்தியானங்களில் ஓடையைத் தாண்டிப் போவேன். அவர் அடிப்பார், நான் அடிப்பேன். இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். இடையில் சில சொற்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றையும் வெளியில் சொல்லப் பயம்.

அடுத்த சித்திரையில் ரபானைச் சுற்றி எனக்கும் ஒரு பலகை போட்டிருந்தார். இஸ்திரி போட்ட சேலையில் போய் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் சரியாகத்தான் போனது. வேகம் ஏறியதும் எல்லோரும் நிறுத்திய இடத்தில் என் கை மட்டும் தனியாக, "தொம்!" என்று விழுந்தது. முற்றமே வெடித்துச் சிரித்தது. வேலியோரம் ஆம்பளைகளோடு என் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது. அவரும் சிரித்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எழுந்தேன்.

அக்கா என் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தார். "இன்னகோ" என்றார். இருடி என்று அர்த்தம். யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

இருந்தேன். மறுபடி தப்பினேன். அதற்கடுத்த தடவை தப்பவில்லை. எல்லாக் கைகளும் ஒன்றாக விழுந்த இடத்தில் என் கையும் விழுந்தது. தோல் அதிர்ந்து நெஞ்சுவரை ஏறியது. பகல் முழுக்க அங்கேயே கிடந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. மாவைத் தொட முடியவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தேங்காய் துருவினார். ரொட்டி தட்ட உட்கார்ந்தார். வாசல் வழியாகப் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். புருசனை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு நான் ராணி மாதிரி இருக்கிறேன்.

"என்னங்க, கதவையாவது சாத்துங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றார். "ஒரு பக்கம் தீயுது போல, பாத்துச் சொல்லு."

தீய்ந்துதான் போயிருந்தது. கரிந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியை எனக்கு ஊட்டினார். கதவு திறந்தேதான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.