பதினான்காம் பேனலுக்குப் பின்னால்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை, கனவும் இல்லை. நான் குடிப்பதில்லை. அன்று காய்ச்சலும் இல்லை. இதில் வரும் நேரங்கள் எல்லாம் என் வேலைக் குறிப்பேட்டில் நானே எழுதியவை. கடைசி நாலு வரி மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

நான் விமான மெக்கானிக். முப்பத்தொரு வருட அனுபவம். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழியைப் பேய் மேல் போட்டுவிட்டுத் தப்பித்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழைய போர் விமானம் இருந்தது. இரண்டு என்ஜின், குண்டு போடும் ரகம். போர்க்காலத்தில் ஒரு ஏரியில் விழுந்து, அறுபது வருடத்துக்கு மேல் அடியிலேயே கிடந்தது. அந்த ரகத்தில் உலகத்தில் மிச்சம் இருப்பவை இன்னும் இரண்டுதான். இரண்டும் பறக்காது. இதைப் பறக்க வைத்தே தீருவேன் என்று எங்கள் முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அதில் என் கை படாத ஆணி கிடையாது. பெற்ற பிள்ளைகளைக்கூட நான் இப்படிக் கவனித்ததில்லை என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

எங்களிடம் சோதனை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். எந்நேரமும் லென்ஸும் கையுமாக அலைவார். அதனால் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி. ஒரு நாள் வாலுக்குள் தலையை விட்டவர் வெளியே வரவே இல்லை. நானும் எட்டி, அவர் உள்ளே பிடித்திருந்த சின்ன முகக்கண்ணாடியில் பார்த்தேன்.

பைலட் கையில் இருக்கும் தண்டை இழுத்தால், ஒரு கம்பிக் கேபிள் விமானத்தின் உடம்பு முழுக்க ஓடி வாலில் உள்ள தகட்டை அசைக்கும். அது அசைந்தால்தான் மூக்கு மேலே தூக்கும். அந்தக் கேபிள் ஒரு கப்பி வழியாகப் போகிறது. கப்பியைத் தாங்குவது உள்ளங்கை அளவு பிராக்கெட். அதில் இருந்த பழையது உடைந்தே கிடைத்ததால், வேறொரு சிதைந்த விமானத்திலிருந்து எடுத்து மாட்டியிருந்தோம்.

“இதுல விரிசல் இருக்குடா. மாத்தணும்.”

“அண்ணே, அது பெயிண்ட் கீறல்.”

“கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ?”

தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால், நான் அப்போதுதான் ஆணி அடித்து முடித்த வாலின் மேல்தோல் முழுவதையும் உரிக்க வேண்டும். இரண்டு மாத வேலை. பறக்கும் தேதியை முதலாளி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

“அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல சார்.”

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் பூதக்கண்ணாடிக்கு வேலை இல்லை. போகும்போது லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்தப் பிராக்கெட்டை மறைக்கும் பதினான்காம் பேனலை மூடினேன். பன்னிரண்டு ஸ்க்ரூ. கையெழுத்தும் போட்டேன்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் கழித்து, முதல் பறத்தலுக்கு முந்தைய நாள்.

மாலை ஆறு பத்துக்குக் கேப்டன் வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “நீங்க பார்த்தாச்சுன்னா நான் வேற எதுக்குப் பார்க்கணும்?” என்று சிரித்துவிட்டுப் போனார். பின் சீட்டில் உட்கார்ந்து மீட்டர்களைக் கவனிக்கப் போகிறவன் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி, எங்கள் எலெக்ட்ரீஷியன்.

“மாமா, நாளைக்கு அக்காகிட்ட சொல்லிடுங்க.”

“என்னன்னு?”

“தம்பி வாழ்க்கைல உயர்ந்துட்டான்னு. ஐயாயிரம் அடி!”

சிரித்துக்கொண்டே கிளம்பினான். 6.35க்கு ஷெட்டில் நான் மட்டும்தான். எல்லா பேனலையும் ஒரு முறை தொட்டுப் பார்த்து, பறக்கத் தயார் என்று கடைசித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி நேர வேலை.

6.52.

டிக்.

வால் பக்கமிருந்து வந்தது. வெயில் இறங்கியதும் கூரைத் தகரம் சுருங்கும், அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது மேலே கேட்கும். இது என் இடுப்பு உயரத்தில் கேட்டது.

டிக்... டிக்.

போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தரையில் மட்டும் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. பதினான்காம் பேனலில் எண்ணினேன். பதினொன்று. என் கையால் முறுக்கிய ஸ்க்ரூ... சரி, மறந்திருப்பேன். திரும்பப் போட்டு முறுக்கினேன்.

7.04. டிங்.

இந்த முறை அது விழுந்ததை நானே பார்த்தேன். அடுத்த ஸ்க்ரூ மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நிதானமாக. வேலை தெரிந்தவன் கழற்றுகிற மாதிரி. அதன் தலை வெளியே என் பக்கம் இருக்கிறது. உள்ளே இருந்து அதைக் கழற்றவே முடியாது.

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இருட்டாக இருந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று சொல்லியிருப்பேன்.

7.11. வால் தகடு அசைந்தது. காற்றில் ஆடாமல் இருக்க அதற்கு மரக்கட்டைப் பூட்டு மாட்டியிருந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. தகடு மட்டும் அதற்குள் துடித்தது... விம்மியது. யாரோ மறுமுனையைப் பிடித்துத் தொங்குவது போல. ஏரித் தண்ணீர் வாடை குப்பென்று வந்தது.

நான் ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன், வாசல் வரைக்கும் ஓடினேன். கதவருகே மேசையில் அந்தத் தாள் இருந்தது. அதில் கையெழுத்தும் போட்டேன்! போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றுதான் மனசு சொன்னது. காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்றது. எட்டு மாதமாக அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

தாளில் என் பெயருக்குக் கீழே, பறப்பவர்கள் வரிசையில், மச்சினன் பெயர் இருந்தது.

திரும்பி நடந்தேன்.

7.26. பேனலில் நாலு ஸ்க்ரூதான் மிச்சம். மற்றவை தரையில். அந்த நாலையும் நான் கழற்றினேன். பேனல் என் கையில் ஐஸ் மாதிரி இருந்தது.

டார்ச் அடித்தேன். கேபிள் தெரிந்தது. கப்பி தெரிந்தது. பிராக்கெட்டின் முன்பக்கம் என் பெயிண்டில் பளபளத்தது. விரிசல் இருந்தது பின்பக்கத்தில். முகக்கண்ணாடி பிடிக்காமல் அதைப் பார்க்க முடியாது. கையை விட்டுத்தான் தடவ வேண்டும்.

விட்டேன். முழங்கை வரை.

ஆள்காட்டி விரல் அந்த இடத்தைத் தொட்டது. மெல்லிய கோடு. ஒரு நகம் அகலம். அப்படியே இருக்கிறது, வளரவில்லை என்று நினைத்தேன்.

அப்போது என் விரல் மேல் இன்னொரு விரல் வந்து உட்கார்ந்தது.

ஈரம்.

வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல். தோல் சுருங்கியிருந்தது.

கையை இழுத்தேன். வரவில்லை. அது என்னை அழுத்தவில்லை. என் விரலை மட்டும் எடுத்து... நகர்த்தியது. கோட்டின் மேல். மெதுவாக.

ஒரு நகம்.

இரண்டு நகம்.

இன்னும்... இன்னும்.

கோடு பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

நின்றது.

காதருகே மூச்சு. பிறகு ஒரு குரல். களைத்த ஆண் குரல்.

“விட்டுடட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன். “விடாதீங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை தெரியாது.

கை விடுபட்டது.

7.38.

வெளியே வந்து, ஷெட் சுவரில் சாய்ந்தபடி கேப்டனுக்குப் போன் போட்டேன்.

“நாளைக்குப் பறக்காதீங்க. நான் போட்டது பொய்க் கையெழுத்து.”

பிராக்கெட் விரிசலைச் சொன்னேன். “எத்தனை நாளா தெரியும்?”

“எட்டு மாசமா.”

வைத்துவிட்டார். அடுத்து பூதக்கண்ணாடிக்குப் போட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

“இப்ப எவ்வளவு நீளம்?”

“சுத்தி வந்துடுச்சு அண்ணே.”

“நான் பார்த்தப்போ ஒரு நகம் அகலம்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

காலையில் அவரே வந்தார். வாலின் மேல்தோலை அறுத்துத் திறந்து, பிராக்கெட்டைக் கழற்றப் போனார். நட்டைத் திருப்பும்போதே அது இரண்டாகி அவர் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு துண்டையும் என் மச்சினன் கையில் வைத்தார். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன், அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. வேலையை நானே விட்டேன். பூதக்கண்ணாடியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி போன் செய்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த விமானம் ஏரியில் விழுந்தபோது அதில் துப்பாக்கிக்காரராக இருந்து, நீந்தித் தப்பியவரின் மகள். அப்பாவின் நோட்டு இப்போதுதான் கிடைத்தது என்றார்.

அன்றைய பதிவுத் தாளின்படி விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். பைலட்டின் உடல் கரை ஒதுங்கியது. ஆனால் நோட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் ஒரு மெக்கானிக். அன்று காலை விமானம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன். கிளம்பும் நேரத்தில், யாரும் கூப்பிடாமலே, முகம் வெளிறி ஓடி வந்து ஏறியிருக்கிறான். நடுவானில் கப்பி பிடுங்கிக்கொண்டது. அவன் வாலுக்குள் ஊர்ந்து போய், அறுந்து தொங்கிய பிராக்கெட்டுக்குப் பதிலாகத் தன் இரண்டு கையாலும் கேபிளைத் தாங்கிப் பிடித்தான். இருபது நிமிடம். ஏரி வரைக்கும். தண்ணீரில் மோதியபோது வாலிலிருந்து வெளியே வரும் வழி நசுங்கி அடைத்துக்கொண்டது. ஏறியவர்கள் தாளில் அவன் பெயர் இல்லாததால், துப்பாக்கிக்காரர் சொல்லியும் யாரும் தேடவில்லை.

“ஏரியிலிருந்து எடுத்ததும் அந்த வாலை முதல்ல திறந்தது நீங்கதான்னு சொன்னாங்க,” என்றார் அந்த அம்மா. “உள்ள ஏதாவது இருந்துச்சா?”

“சேறு மட்டும்தாம்மா,” என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சேறு இருந்தது உண்மைதான். பாதி வால் நிறைய. ஒரு நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, பின்பக்கச் சாக்கடையில் கழுவி விட்டேன். அதோடு சின்னச் சின்னதாய் வெள்ளை வெள்ளையாக ஏதோ உருண்டு போயின.

நத்தை ஓடு என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்து பார்க்கவில்லை.