கேட்காமல் விடை சொல்லக் கூடாது

பாதிக் கிளாஸ் பீரை ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டக்கூடிய மனிதர் எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர்தான், லயனல் பேஜெட். நான் பப் நடத்துகிறவள். இவரைப் போல இன்னும் நாலு பேர் வாய்த்திருந்தால் கடையை இழுத்து மூடிவிட்டு நானும் குறுக்கெழுத்துப் போடப் போயிருக்க வேண்டியதுதான். ஆனாலும் கணப்புக்குப் பக்கத்து மேஜையை ஞாயிறுதோறும் அவருக்கென்று ஒதுக்கி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சில பேர் வந்தாலும் எரிச்சல், வராவிட்டால் அதைவிட எரிச்சல்.

மனிதர் இங்கிலாந்தின் தெற்கத்திக்காரர், நாங்கள் வடக்கு. பூகோள வாத்தியாராக யார்க்‌ஷயருக்கு வந்தார், எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரி தெல்மாவைக் கட்டிக்கொண்டார், இங்கேயே தங்கிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஆறுகளையும் மலைகளையும் மண்டையில் ஏற்றியவர் அவர்தான். இருந்தும் அவர் ஓய்வு பெற்ற விருந்தில், "புதுசா வந்திருக்காரே, அந்த வாத்தியார்" என்று ஒரு கிழவர் அவரைக் காட்டிப் பேசினார். எங்கள் ஊர் அப்படித்தான்.

லயனலுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. சனிக்கிழமைப் பேப்பரில் பெரிய குறுக்கெழுத்துப் போட்டி ஒன்று வரும். வாரநாள் புதிர் மாதிரி சாதுவானது அல்ல, மண்டையைப் பிளக்கிற ரகம். சரியாகப் போட்டு அனுப்புகிறவர்களின் உறைகளை ஒரு பையில் கொட்டிக் குலுக்கி மூன்றை எடுப்பார்கள். பரிசு ஒரு பேனா. பேனாவை யார் கேட்டார்கள்? விடைகள் வெளியாகும் அன்று கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று பெயர் போடுவார்கள். அதில் தன் பெயர் வரவேண்டும், அதுவும் ஒவ்வொரு கட்டமும் தன் சொந்த மூளையால் நிரம்பி வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஒரு குறிப்பு பாக்கி இருந்தாலும் அந்த வாரம் உறையை ஒட்ட மாட்டார்.

"எதையாவது ஊகிச்சுப் போட்டு அனுப்புங்களேன் வாத்தியாரே, யாரு பாக்கப்போறா?" என்று சிட் கேட்டிருக்கிறான். சிட் க்ரீன்வுட் அவர் பக்கத்து வீட்டுக்காரன், குழாய் வேலை செய்கிறவன்.

"நான் பாப்பேனே," என்றார் லயனல்.

விடைகள் பேப்பரில் வந்த மறுநாள், ஞாயிறன்று, எங்கள் பப்பில் அவர் விளக்கம் சொல்வார். அதற்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். போட்டி முடியாத புதிரைப் பற்றிப் பேசுவது அவர் கணக்கில் திருட்டு. ஆரம்பத்தில் சிட் மட்டும் கேட்டான். அப்புறம் தபால்காரர் வந்தார், மாதாகோயில் மணி அடிக்கிறவர்கள் வந்தார்கள். போகப்போகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தால் எனக்கு வியாபாரம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒவ்வொரு குறிப்புலயும் தலையோ வாலோ ஒண்ணுதான் நிஜம். மிச்சம் எல்லாம் வேஷம்," என்று ஆரம்பிப்பார். "இதைப் பாருங்க. 'வேலையை நிறுத்திவிட்டார், ஆனாலும் தினம் இரண்டு முறை உண்மை பேசுகிறார்.' யாரு?"

"எங்க மாமனாரு," என்பான் சிட். "ஆனா ரெண்டு தடவைங்கறது ஜாஸ்தி."

"நின்னுபோன கடிகாரம். வேலையை நிறுத்தினவர்னு சொன்னதும் நீங்க ஆளைத் தேடிக் கிளம்பிட்டீங்க. ஆளுன்னு எவன் சொன்னான்? புதிர் போடறவன் பொய் சொல்ல மாட்டான். நம்மளையே நமக்குப் பொய் சொல்லவைப்பான்."

இதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். பீர் சூடாகிக்கொண்டிருக்கும், அவருக்கு அது கண்ணிலேயே படாது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கேட்காமல் யாரும் யாருக்கும் விடை சொல்லக் கூடாது. ஒரு சனிக்கிழமை அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த சிட், "அட, நத்தை!" என்று கத்திவிட்டான். சரியான விடைதான். லயனல் பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனவர், இலையெல்லாம் உதிர்ந்து முடிகிறவரை இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சிட் அவர் வீட்டுக் கொதிகலனை இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்த பிறகுதான் சமாதானம் ஆனார். அன்று முதல் என் கடையில் அந்தச் சட்டத்தை மீற எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

தெல்மா இந்தக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. "வீட்டுல சனிக்கிழமை கேக்கற பெருமூச்சே போதும்" என்பாள். மருந்துக்கடையில் டாக்டர்களையே மிரட்டி வேலை வாங்கினவள். சீட்டில் மருந்தளவு தப்பாக இருந்தால் போன் போட்டு, "இதைக் குடிச்சா மாடே செத்துரும், மாத்தி எழுதுங்க" என்று சொல்லிவிடுவாள். கெட்டிக்காரிதான். ஆனால் குறுக்கெழுத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

இப்படி இருக்கையில், மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே சிட் வந்து தட்டுகிறான்.

"பெவ்! வாத்தியார் பேரு! மொதப் பேரே அவருதான்!"

பொடி எழுத்தில் கிடந்தது: லயனல் பேஜெட், பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர். ஊரெல்லாம் போன் போட்டேன். இறைச்சிக்கடைக்காரர் மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுடுகிற போர்க் பை ஒன்றைப் பெரிதாகச் செய்து, மேலே மாவாலேயே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார். சிட் மட்டும், "அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கலை" என்றான். சந்தோஷத்தில் படுத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று வந்தார். முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல் தெல்மா. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் முதல் தடவையாக ஒரு முழுக் கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. போர்க் பையைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கம்போல் விளக்கம் ஆரம்பமாயிற்று. இடமிருந்து வலம் முழுக்க முடித்தார். வேஷம் எது, நிஜம் எது என்று பிரித்துப் பிரித்து வைத்தார். ஆனால் குரலில் உயிர் இல்லை. மேலிருந்து கீழ் வந்தது. ஒன்றை மட்டும் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி அதற்கே வந்தார்.

"கடைசியா பன்னெண்டு. 'இலையெல்லாம் உதிர்ந்த பின்னும் நம் சட்டைகள் பூக்கும் இடம்.' ரெண்டு சொல்லு." கண்ணாடியைக் கழற்றினார். "விடை குளிர்கால வேலின்னு பேப்பர்ல போட்டிருக்கு. விடை கையில இருக்கு, அப்பவும் எனக்கு விளங்கலை."

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எங்கள் அம்மாமார் எல்லோர் வீட்டிலும் அடுப்பங்கரையில் ஒன்று நின்றது. வெயில் காலத்தில் துவைத்த துணியை வெளியே வேலிச்செடி மேல் விரித்துப் போடுவார்கள். குளிர் வந்தால் வீட்டுக்குள்ளே கணப்புக்கு முன்னால் ஒரு மரச்சட்டத்தில் காயப்போடுவார்கள். அந்தச் சட்டத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர்தான் குளிர்கால வேலி. சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். சிட் மேஜைக்கு அடியில் என் கணுக்காலில் ஒரு உதை விட்டான். அவர் கேட்கவில்லையே! இத்தனை பேரும் விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிலையாட்டம் உட்கார்ந்திருந்தோம்.

"இது நான் போட்டது இல்லை," என்றார் லயனல். "பன்னெண்டை நான் காலியாத்தான் விட்டேன். அந்த வாரம் அனுப்பவே இல்லை. மடிச்சு மேஜை மேல போட்டுட்டு எழுந்துட்டேன். யாரோ நிரப்பி, என் பேரைப் போட்டு அனுப்பியிருக்காங்க. நாளைக்கே பேப்பருக்கு எழுதி என் பேரை எடுக்கச் சொல்லப்போறேன்." சிட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இல்லப்பா!" என்று அலறினான் சிட். "எங்கம்மா மேல சத்தியம்!"

"நான்தான்," என்றாள் தெல்மா.

லயனல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "உனக்கு எப்படி…"

"உனக்கு எதிர்லதானே தினமும் சாப்பிடறேன். கவுன்ட்டர்ல நின்னு நின்னு சீட்டையெல்லாம் தலைகீழாப் படிச்சவ நான். நீ பேப்பரை விரிச்சா உனக்கு நேரா, எனக்குத் தலைகீழா. நானும் போட்டுக்கிட்டேதான் இருந்தேன். மனசுக்குள்ள."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"சொல்லவே இல்லையே, தெல்மா!"

"கேக்காம சொல்லக் கூடாதுன்னு சொன்னது யாரு? தேன்நிலவுக்கு ஃபைலி கடற்கரைக்குப் போனப்ப, மொத சனிக்கிழமையே சொன்னே. சரின்னேன். நீ கேக்கவே இல்லை."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "இந்த ஒண்ணுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். நானே போட்டு, நானே அனுப்பி, எம் பேரு வரணும்னு. அதைக் கெடுத்துட்டியே! இனிமே என் பேரு வந்தாலும் அது ரெண்டாவது தடவைதானே!"

"கெடுத்தேன்தான்," என்றாள் அவள். "தப்புதான். ஆனா அந்தக் கட்டத்தைக் காலியா விட உன்னால முடிஞ்சது, என்னால முடியலை. அது எங்கம்மா வீட்டு அடுப்பங்கரை, லயனல். அன்னைக்கு நம்ம வீட்டுல நீ அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. உன் சட்டை மூணு அதுல காஞ்சுக்கிட்டிருந்தது. நீ பேனாவைக் கடிச்சுக்கிட்டு அந்தச் சட்டையையே பாத்துக்கிட்டிருந்தே."

லயனலுக்கு அப்போது விளங்கியது. "அந்த மரச்சட்டமா? நீ அதை ஸ்டாண்டுன்னுதானே சொல்லுவே?"

"மொத வருஷம் ஸ்டாண்டுன்னா சொன்னேன்? கிறிஸ்துமஸுக்கு உங்கம்மா வந்திருந்தாங்க. குளிர்கால வேலியைக் கொஞ்சம் கணப்புக்கிட்ட இழுத்து வைன்னு உன்கிட்டச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. 'கேட்டியாம்மா, இவங்க ஊர்ல வேலிக்குச் சட்டை மாட்டுவாங்களாம்'னு சொல்லிச் சிரிச்சே. உங்கம்மாவும் சிரிச்சாங்க. அன்னைக்கு விட்டதுதான் அந்தப் பேரை."

சிட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நான் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். லயனல் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிளாஸ் உடையாமல் போனது ஆச்சரியம். எங்களுக்கெல்லாம் புதிரை அவிழ்த்து அவிழ்த்துக் காட்டிய மனிதர், தன் வீட்டு விடையைத் தானே சிரித்து விரட்டியிருக்கிறார்.

லயனல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அது ஒண்ணுதானா? வேற எத்தனை சொல்லு அப்படி விட்டே?"

"எண்ணலை," என்றாள் தெல்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போர்க் பையை யாரும் வெட்டவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கிளம்பிப் போனார்கள். அந்த இரண்டு பேரும் கணப்பு அணைகிறவரை எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றாக எழுந்து போனார்கள்.

பேப்பருக்கு அவர் எழுதத்தான் செய்தார். பதில் வரவில்லை. பேனா மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை நண்பகல் கதவு திறந்தது. லயனல் சனிக்கிழமை என் கடைக்கு வருவது அபூர்வம். அன்று தெல்மாவும் கூட வந்தாள், கையில் ஒரே ஒரு பேப்பர். இரண்டாவது பேப்பர் வாங்க எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? அதே மேஜையில் உட்கார்ந்தார்கள். லயனல் தன் நாற்காலியை இழுத்துப் போய் அவளுக்குப் பக்கத்தில் போட்டு, இருவருக்கும் நேராகப் பேப்பரை விரித்தார்.

கொஞ்ச நேரம் அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"தள்ளு லயனல். இந்தப் பக்கத்துலேர்ந்து எனக்குப் படிக்க வரலை." எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எப்போதும்போல் தலைகீழாகவே படித்தாள். லயனல் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். கட்டம் மெல்ல நிரம்பியது. ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டார். புதுப் பேனாவைக் கடித்தார், கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் கவுன்ட்டரில் கையூன்றி நின்று, கேளு மனுஷா, கேட்டுத்தான் தொலையேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தெல்மா."

"என்ன?"

"கேக்கறேன்," என்றார் லயனல். "பத்தொம்பது. மேலிருந்து கீழ்."

அவள் பேப்பரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எனக்கும் வரலையே, கண்ணு," என்றாள். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை கேக்கறே, அதுவும் எனக்குத் தெரியாததாப் பாத்துக் கேக்கறே!"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே லயனல் என் பக்கம் திரும்பி, இரண்டு முழுக் கிளாஸ் கேட்டார்.