சைட்லர் மாமா

மாமாவின் தகப்பன் ஒரு ஜேர்மன்காரன் என்பதை ஒன்பது வயதில் நானே துப்புத் துலக்கிக் கண்டுபிடித்தேன். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு எப்படியாவது ஒரு கலியாணம் செய்துவைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே கவலை. அப்போதுதான் தபால் பெட்டியில் அவருக்கு வந்த கடிதத்தைப் பார்த்தேன். அவர் பெயருக்குப் பின்னால் 'சைட்லர்' என்று இருந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவர் பெயருக்குப் பின்னால் நிற்பது அவருடைய அப்பாவின் பெயர். எனக்கு அப்பாவின் பெயர், அப்பாவுக்கு அப்பப்பாவின் பெயர். அப்படியென்றால் சைட்லர் யார்? இதற்குப் பெரிய மூளை தேவையில்லை. மாமா அம்மாவின் தம்பியே இல்லை. யாரோ ஒருவர் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சோறு என்பதும் முழு உண்மையில்லை. இரவில் பாணும் சீஸும் போதும் என்பார். ஒரு வாகனமும் வராத தெருவிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பார். சுவரில் இருந்த அம்மப்பாவின் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். காது கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. முற்காலத்தில் ஜேர்மனியில் காட்டு மரங்களில் தேன் எடுத்தவர்களைச் சைட்லர் என்று அழைத்தார்களாம். தொழில் போன பிறகும் பெயர் மட்டும் பிள்ளை, பேரப்பிள்ளை என்று இறங்கிக்கொண்டே வந்ததாம். எங்களுக்கோ பேரப்பிள்ளை பிறக்கும்போதே தாத்தாவின் பெயர் கழன்றுவிடும்.

"மாமா, நீங்கள் தேன் எடுக்கிற ஆக்களோ?" என்று நேரே கேட்டேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அம்மாட்டைக் கேக்காதை, பிள்ளை. பேந்து சொல்லுறன்."

குற்றவாளி வேறு எப்படிப் பேசுவான்?

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகளுக்காக மாமாவைப் பார்க்க வந்தார்கள். அந்தத் தாய் என் தலையைத் தடவி, மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். பூசையில் செபம் சொன்ன வாயால் பொய் சொல்லலாமா?

"நல்லவர்தான். ஆனா அம்மாவின்ர தம்பி இல்லை. அவற்ற அப்பா ஒரு ஜேர்மன்காரன். சைட்லர்" என்றேன்.

அம்மா பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

மாமாதான் பேசினார். ஜேர்மனியில் கலியாணம் செய்ததையும், மனைவி நோயில் இறந்ததையும், அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்ததால் அவளுடைய குடும்பப் பெயரைத் தான் எடுத்துக்கொண்டதையும் சொன்னார். அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். முதலில் சம்பந்தம் சரிவரட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம் என்று மூடிவைத்திருந்தார்.

பெண்ணின் தாய் பொல்லாதவர் அல்ல. "மனுசி செத்தது உங்கட பிழை இல்லைத் தம்பி. அந்தப் பேரை மட்டும் மாத்துங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

அம்மா மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது" என்றார் மாமா. "அவவின்ர வீட்டில ஒருத்தரும் மிச்சம் இல்லை. அந்தப் பேருக்கு இப்ப நான் ஒராள்தான்."

வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். மாமா யன்னலோரம் போய் இருந்துகொண்டார். அம்மா குசினிக்குள் நின்று அழுதார். வீட்டில் சந்தோசமாக இருந்தது நான் ஒருத்திதான். ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அழாதேங்கோ அம்மா, அவர் உங்கட சொந்தத் தம்பிதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா இன்னும் பலமாக அழுதார். ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.