இடது கைக்கு எட்டும் தூரம்

இயற்பியல் ஆய்வகத்தில் அந்தப் பேராசிரியை அம்மாளுக்குப் பட்டப்பெயர் ‘சுத்திவா மேடம்’. கடுங்குளிரில் அடக்கிவைத்த அணுக்கூட்டத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் குவாண்டம் பின்னலைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் அந்தச் சொல்லில்தான் வந்து நிற்பார். “ஒரு அணுவைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பக்கத்து அணுவையும் சேத்துப் பாத்தாலும் தெரியாது. பின்னல் மொத்தத்துலயும் பரவிக் கிடக்கு. சுத்திவா, அப்பத்தான் பிடிபடும்.” அணுக்களிடம் இவ்வளவு பொறுமை காட்டியவர் வீட்டு விஷயத்தில் அவசரப்பட்டார்.

கணவர் இறந்த பிறகு மகள் அந்தப் பக்கமே வரவில்லை. “அப்பா இன்னும் அங்கதாம்மா இருக்காரு. என்னால முடியல” என்று போனில் சொல்லிவிட்டாள். பேய் என்றால் சிரிக்கிற குடும்பம். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மகள் வந்து கூடத் தங்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். லீவு போட்டு, அறை அறையாகக் கணவரின் சாமான்களைக் காலி செய்தார். கைத்தடி, கண்ணாடி, மாத்திரை டப்பா, முழங்கால் பட்டி எல்லாம் போயின. ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தார். மனிதர் இல்லை. அடுத்த அறையிலும் இல்லை. மாணவன் எவனாவது இப்படி ஒவ்வொரு அணுவாகத் தனித்தனியே அளந்திருந்தால் காய்ச்சி எடுத்திருப்பார்.

மகள் பையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

“பரவால்லம்மா. ஒண்ணும் தோணல.”

அம்மா பூரித்துப்போய்ச் சமையலறையில் டீ போட்டு, வழக்கம்போலப் படுக்கையறை வழியாகச் சுற்றி எடுத்து வந்தார். மகளின் முகம் வெளிறியிருந்தது.

“ஏம்மா நொண்டுற?”

“நானா? எனக்கென்னடி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.”

“டீய வச்சிட்டு இன்னொரு தடவ சுத்திவா.”

சுற்றினார். அலமாரி, நாற்காலி முதுகு, சமையல் மேடை, கட்டில் சட்டம், மேசை விளிம்பு. இடது கை ஒன்றை விடும்போதே அடுத்தது அகப்பட்டது. கணவரின் சூம்பிய காலுக்காக, வருஷக்கணக்கில் யாரும் திட்டமிடாமல் நகர்ந்து நகர்ந்து அமைந்த வீடு அது. எந்த அறையில் நின்று பார்த்தாலும் நாற்காலி வெறும் நாற்காலிதான்.

மகள் அதை வெடுக்கென்று இழுத்துச் சுவரோரம் தள்ளினாள். “இப்ப நட.”

நடந்தார். நாற்காலி இருந்த இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல மடங்கியிருந்தன. கால் அப்போதும் கணவரின் கால்போலவே இழுத்தது.

இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். டீ ஆறிப்போயிற்று.

கடைசியில் மகள்தான் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தாள்.

“இங்கயே இருக்கட்டும்மா. விழுந்துடப் போறாரு.”

பிறகு பையைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.