திங்கட்கிழமை ரத்தம்

எங்கள் லேப் ஃபிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் குழியில், மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் எப்போதும் நின்றிருக்கும். அதில் ஒட்டிய பிளாஸ்திரியில் நோயாளியின் எண் இருக்காது, வயது இருக்காது. நீல மையில் "அக்கா" என்று மட்டும் எழுதியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் திக்கென்று இருக்கும். எங்களுக்கு அது உப்பு ஜாடி மாதிரி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டிய சாமான்.

பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த லேப். நான் வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அங்கே என்னோடு வேலை பார்த்த அக்கா குரும்பலூர். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். பிளஸ் டூ முடித்ததும் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்லைடு கழுவப் போய், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு வருஷச் சான்றிதழ் வாங்கியவர். நான் இரண்டு வருஷ டிப்ளமோ. ஆகவே ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, பிரிப்பது எல்லாம் அவர். மெஷினும் ரிப்போர்ட்டின் அடியில் போடும் கையெழுத்தும் நான். கைக்குழந்தையின் கையில்கூட அவருக்கு நரம்பு அகப்பட்டுவிடும். "படிச்சவ நீ கையெழுத்துப் போடு, படிக்காதவ நான் குத்துறேன்" என்று சிரிப்பார். அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த ரத்தம் ஒன்று வேண்டும். கம்பெனிகள் அதைப் பாட்டிலில் விற்கின்றன. எங்களுடையது போன்ற சின்ன லேப்பில் அப்போது பாட்டில் கிடையாது. வேலை பார்ப்பவர்களில் யார் திடமாக இருக்கிறாரோ, அவர் ரத்தம்தான் பாட்டில். அக்காவின் ரத்தத்தை ஒரே ஒருமுறை திருச்சிக்கு அனுப்பிப் பார்த்தோம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 0.8 என்று வந்தது. சொல்லிவைத்த மாதிரி நார்மல். அதிலிருந்து திங்கள்தோறும் காலையில் அக்கா என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டுவார், நான் எடுப்பேன். அவர் ரத்தத்துக்கு மெஷின் 0.8 காட்ட வேண்டும். காட்டாவிட்டால், மெஷினுக்குள் ஃபேக்டர் என்று ஒரு பெருக்கும் எண் இருக்கும், அதைக் கூட்டியோ குறைத்தோ 0.8க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்றவர்கள் ரத்தத்தை வைப்போம். வந்த சனத்துக்கெல்லாம் எடைக்கல் அக்காவின் ரத்தம்தான்.

ஒரு திங்கட்கிழமை 0.9 வந்தது. "கூட வருதுக்கா" என்றேன். "கரண்டு ஏறி எறங்குதுல்ல, கொறச்சு வய்யி" என்றார். குறைத்தேன். சில வாரம் கழித்து மறுபடி கூடியது. வெயிலில் மருந்து கெட்டிருக்கும் என்று பேசிக்கொண்டு மறுபடி குறைத்தேன். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மெஷினைச் சந்தேகப்பட்டோம், மருந்தைச் சந்தேகப்பட்டோம், மின்சார வாரியத்தைத் திட்டினோம். அக்காவைச் சந்தேகப்பட எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் லேப்பில் ஒரு விசித்திரம் நடந்தது. சிறுநீரகக் கோளாறு என்று யாருக்குமே வரவில்லை. 0.4 வந்தால், ஒல்லி உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொள்வோம். அளவு கூடினால்தான் டாக்டர்கள் போன் செய்து கேட்பார்கள், குறைந்தால் யார் கேட்கிறார்கள்? ஒரு டாக்டர் மட்டும் ஒருநாள், "என்னம்மா, ஒங்க ஊருல யாருக்கும் கிட்னியே கெடாதா?" என்று கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவின் உடம்பு கெடக் கெட, எங்கள் காகிதத்தில் ஊரின் உடம்பு தேறிக்கொண்டே வந்திருக்கிறது.

அக்காவின் செருப்பு வார் இறுக ஆரம்பித்தது. காலையில் முகம் உப்பியிருக்கும். சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு, வாசனை ஆகவில்லை என்று மூடிவிடுவார். பயந்துபோய் அவரே தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். மெஷின் 0.8 என்றது. வேறு என்ன சொல்லும்? அப்படிச் சொல்லத்தானே வாரா வாரம் அதை நான் திருகி வைத்திருந்தேன். "ரத்தத்துல ஒண்ணுமில்லடி, நார்மல்தான். அசதிதான் போல" என்று அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். நாலு வருஷப் பட்டப்படிப்பு. உரிமத் தேர்வு எழுதிவிட்டு, துபாயில் இருக்கும் அத்தாவிடம் (அப்பாவை அவள் அப்படித்தான் சொல்வாள்) போய் அங்கேயே லேப்பில் சேர வேண்டும் என்பது திட்டம். வந்த அன்றே, "கன்ட்ரோல் பாட்டில் எங்க மேடம்?" என்றாள். நான் அக்காவைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முதலாளியிடம் பேசி இரண்டு பாட்டில் வரவழைத்தாள். லேபிளில் 1.2 என்று போட்டிருந்த பாட்டிலுக்கு எங்கள் மெஷின் 0.5 காட்டியது.

"பஸ்ஸுல வந்த சூட்டுல கெட்டிருக்கும்" என்றேன்.

"ரெண்டு பாட்டிலுமா மேடம்? ஃபேக்டர்தான் தப்பா இருக்கு."

பட்டம் படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டே, அவள் சொன்னபடி பாட்டிலுக்குச் சரியாக ஃபேக்டரை மாற்றினேன். அன்று திங்கட்கிழமை. அக்காவின் ரத்தம் தயாராக இருந்தது. வைத்தேன். 2.1 என்று வந்தது. மறுபடி வைத்தேன், அதே 2.1. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாரு ரத்தம்டி இது?" என்றார். குழாயில் ஒட்டியிருந்த பேரை அவரே பார்த்துக்கொண்டார்.

அவர் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்ப மத்தவங்க?" என்றார். பழைய ரெஜிஸ்டர்களை எடுக்கச் சொன்னார். நான் நம்பரைச் சொல்லச் சொல்ல, "மெஷின்ல கோளாறுங்க, மறுபடி ஒருக்கா வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பலர் வந்தார்கள். திருமழபாடிக்காரர் ஒருவரின் நம்பரில் மகள் எடுத்தாள். "அப்பா ஐப்பசியில தவறிட்டாங்க. கிட்னின்னு டாக்டர் சொன்னாரு. நாங்க நம்பல. ஒங்க ரிப்போர்ட்டுல நார்மல்னு இருக்கு, பத்தரமா வச்சிருக்கோம்" என்றாள். அந்த ரிப்போர்ட்டில் இருந்தது என் கையெழுத்து. அக்கா போனை வைத்தார். "அடுத்த நம்பர் சொல்லு" என்றார்.

இப்போது நான் அரியலூரில் ஒரு மருத்துவமனை லேப்பில் இருக்கிறேன். மெஷின் தானே உறிஞ்சி, தானே பார்த்து, தானே சீட்டு அடிக்கிறது. பட்டப்படிப்புப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஃபேக்டரில் கை வைக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. காலையில் பாட்டிலைச் சோதித்துவிட்டு மெஷின் பச்சை விளக்கு காட்டும்போது அவர்களுக்கு நிம்மதி. எனக்கு மட்டும், எல்லாம் சரி என்று தெரிகிற அந்த நேரத்தில்தான் அது போய்விடும். யாரோ ஒருவர் பக்கத்திலேயே நின்று வாடிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

அக்கா மூன்று வருஷம் மாத்திரையில் ஓட்டினார். பிறகு டயாலிசிஸ். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"எத்தன திங்கக்கெழம என்னயக் குத்தியிருப்ப?" என்றார்.

"கணக்கே இல்லக்கா."

"அத்தன தடவயும் ஒனக்கு எதுத்தாப்புலதானே ஒக்காந்திருந்தேன். ஒரு தடவயாவது என் மூஞ்சியப் பாத்தியாடி?"

பார்க்கவில்லை. முதலில் நரம்பைப் பார்த்தேன், பிறகு மெஷினைப் பார்த்தேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "ம்" என்று சொல்லிவிட்டு, அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.