என் கேக்குக்குச் செல் அடித்த பாண்காரர்

பட்டர் கேக்கின் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு வாய் ஊறும், எனக்குக் கோபம் ஊறும். ரைன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஜேர்மன் ஊரில், ஒன்பது வயதில் நான் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கிய ஞாயிறு அது. எசன் நகரிலிருந்து வந்த உறவினர் நிறைந்த கோயில் மண்டபத்தில், அம்மா செய்த கேக்கை வெட்ட நான் கத்தியெடுத்தபோது பொலிஸ் வந்து எல்லோரையும் வெளியேற்றியது. முதல்நாள் புயலில் மண்டபத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த மரத்தின் வேரடியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து "செல்", பீரங்கிக் குண்டு, ஒன்று வெடிக்காமல் கிடந்ததாம். நகர்த்த முடியாதென்று அங்கேயே வெடிக்கவைத்தார்கள். மண்டபத்து யன்னல் நொறுங்கி முழுவதும் என் கேக்கில் விழுந்தது. வெள்ளை உடுப்போடும் பூமுடியோடும் நான் பழிவாங்கச் சத்தியம் செய்தேன்.

"நன்மை வாங்கி மூண்டு மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ள பழிவாங்கப் போறியோ?" என்றார் அம்மா.

யாரைப் பழிவாங்குவது என்பதைக் கோயில் கதவுத் திறப்பு வைத்திருந்த ஜேர்மன் கிழவர் சொன்னார். அக்கரையிலிருந்து அடித்தது ஓர் ஆங்கிலேயப் பீரங்கிப் படை; பகலில் பேக்கரியில் பாண் சுட்டும் வங்கியில் எழுதியும் பிழைத்து, பின்னேரங்களில் மட்டும் பீரங்கி பழகிய பகுதிநேரக்காரர்கள்; போர் தொடங்கியதும் பிரான்சுக்குப் போய், பீரங்கிகளைக் கைவிட்டுக் கப்பலேறித் தப்பி, சில வருடங்களில் புதியவற்றோடு திரும்பி ரைன்வரை அடித்துக்கொண்டே வந்தவர்கள்.

"பகுதிநேர ஆக்கள் அடிச்சபடியாத்தான் வெடிக்கேல்லை," என்றார் அப்பா. அவரே இரண்டு பகுதிநேர வேலை பார்த்தவர்.

அடுத்த கோடையில் அந்தப் படையின் முதியவர்கள் எங்கள் கோயிலில் நடந்த நினைவுப் பூசைக்கு வந்தார்கள். ஒருவர் அசல் பாண்காரர். அம்மா இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த "ரோல்ஸ்" ஒன்றின் முனையைக் குடைந்து, மிளகாய்த்தூளைத் திணித்து, நானே அவரிடம் நீட்டினேன். கடித்தவருக்குக் கண்ணீர் கொட்டியது. வெற்றிக் களிப்பில் அதே கையால் நானும் கண்ணைக் கசக்கிவிட்டேன். இரண்டு பேரும் போரை நினைத்து அழுகிறோமென்று பாதிரியார் உருகிப்போனார்.

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அடி விழுமென்று நான் ஒடுங்கி நிற்க, என் முகத்தைக் கழுவிவிட்டபடி மெதுவாகச் சொன்னார்: "நீ குடுத்துவைச்சனி பிள்ளை. உனக்கு அடிச்சவன் கைக்கெட்டின தூரத்துக்கு வந்தான். எங்கட ஊர்ச் சண்டையில என்ர தம்பியைக் கொன்ற செல்லை அடிச்சவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

மண்டபம் இருந்த இடம் இப்போது வாகனத் தரிப்பிடம். முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து, கோடை வருகையும் நின்றுவிட்டது. அப்பாவின் ஆள் மட்டும் இன்னும் வரவில்லை. எங்கோ ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு, உறைப்புக் குறைத்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.