கடற்பாசி ஊற்றிய கண்ணாடி

என் மேசையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒழுங்கைக் கெடுப்பது ஒன்றுதான்: விளிம்பில் அயடீன் கறை படிந்த, தீப்பெட்டியளவு கண்ணாடி. போன கிழமை ஓய்வுபெற்றுப் போகும்போது இரசாயன மிஸ் தந்தது.

கிளிநொச்சியில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு நான்தான் பொறுப்பு. அவருடைய ஆராய்ச்சி இதுதான்: நாவற்பழச் சாயம் ஊறிய கண்ணாடி ஒன்று, கரி பூசிய கண்ணாடி இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே அயடீன் கரைசல். வெயில் பட்டால் மின்சாரம் வரும். கண்டாவளை வயல் கொட்டில்களில் இதனால் ஒரு விளக்காவது எரியவேண்டும் என்பார். ஆனால் எங்கள் வெக்கைக்குக் கரைசல் ஒழுகிவிடும், இல்லையென்றால் வற்றிவிடும். மத்தியானத்துக்குள் மீற்றரின் முள் விழுந்துவிடும். அவருக்கு அந்த முள் கவலை. எனக்கோ, நான் துடைத்துவைத்த மேசையில் படியும் மண்ணிறக் கறைதான் கவலை.

ஒருநாள் மாணவர் முன்னால் சொன்னேன். “மிஸ், உது ஒழுகாமல் இருக்கவேணுமெண்டால் கடற்பாசி காய்ச்சி ஊத்துங்கோ. பின்னேரம் வெட்டித் தின்னவும் ஏலும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சந்தையில், இனிப்புக்குக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசிப் பைக்கற் வாங்கிவந்தார். கரைசலை அதோடு சேர்த்து உறையவைக்கும் பக்குவம் பிடிபட மாதங்கள் எடுத்தன. ஒரு பின்னேரம், வெயில் சாயும்வரை முள் அசையாமல் நின்றது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

கருத்தரங்கில் அதை விளக்கியபோது, யோசனை தன்னுடையது இல்லை, எங்கள் ஆய்வுகூடத் தம்பியுடையது என்று என் பேரையும் சொன்னார். சபை கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இன்றுவரை என் கைகளில் கூசுகிறது.

போன கிழமை இந்தக் கண்ணாடியை அவர் நீட்டியபோது சொல்லிவிட்டேன்.

“மிஸ், அண்டைக்கு நான் பகிடிக்குத்தான் சொன்னனான்.”

“தெரியும் தம்பி. எனக்குக் காது கேக்கும்தானே.”

“பிறகேன் என்ரை பேரைச் சொன்னனீங்கள்?”

“பேரைச் சொன்னால் நீர் பிறகு சிரிக்கமாட்டீர் எண்டுதான். நீர் சிரிச்சால் பிள்ளையளும் சிரிக்குங்கள். பிறகு ஆர் எனக்கு வேலை செய்யிறது?”

அந்தக் கருத்தரங்குக்குப் பின் உண்மையிலேயே நான் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதை மரியாதை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இன்று காலையிலும் வழக்கம்போல மேசையைத் துடைத்தேன். கண்ணாடியைத் தூக்கி, அடியைத் துடைத்து, திரும்ப வைத்தேன். விளிம்புக் கறையில் மட்டும் துணி படவில்லை.